பழைய கம்ப்யூட்டர் சூடாகி அணைந்துபோனால்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மே மாதம் பிறந்தால் எனக்கு வரும் போன்களில் பல ஒரே மாதிரி இருக்கும். "காலைல நல்லாத்தான் ஓடுது. மத்தியானம் பசங்க உட்கார்ந்தா பத்து நிமிஷத்துல ஃபேன் மாவு மில்லு மாதிரி இரையுது, அப்புறம் பட்டுன்னு ஆஃப் ஆயிடுது." கடையில் காட்டினால் போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள் என்பார்கள்.

அவசரப்பட வேண்டாம். நான் பிரித்துப் பார்த்தவரையில் இப்படி வந்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றின் ப்ராசசருக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை. பத்து, பன்னிரண்டு வருடம் ஓடினாலும் ப்ராசசர் லேசில் கெடாது. கெடுவது, அதன் சூடு வெளியே போகிற வழி. அந்த வழியில் எங்கே அடைப்பு என்று கண்டுபிடித்துவிட்டால் ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பெயின்ட் பிரஷ், சின்ன சிரிஞ்சில் வரும் பேஸ்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரும்பாலும் இவ்வளவுதான் தேவைப்படும்.

ஒரு சொல்லை மட்டும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊரில் பெட்டி முழுவதையும் "சிபியு" என்று சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே பெட்டியைக் கேபினெட் என்றும், அதற்குள் மதர்போர்டு என்ற பெரிய சர்க்யூட் பலகையில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னச் சதுரத்தை ப்ராசசர் என்றும் சொல்கிறேன். மென்பொருள்களிலும் போர்டிலும் சிபியு என்று எழுதியிருப்பது இந்த ப்ராசசரைத்தான்.

சூடு எந்த வழியாகப் போகிறது?

ப்ராசசர் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. 2011இல் வந்த இன்டெல் கோர் ஐ5-2400ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அளவுக்குறிப்பு 95 வாட். பழைய 100 வாட் குண்டு பல்பு எரியும்போது அதைக் கையால் தொட முடியாது. ஏறக்குறைய அதே சூடு, கட்டைவிரல் நகம் அகலமே உள்ள ஒரு சில்லிலிருந்து வெளியேற வேண்டும்.

அது போகும் பாதை இப்படி: சில்லிலிருந்து அதன் உலோக மூடிக்கு, மூடியிலிருந்து பேஸ்ட் வழியாக, அதன் மேல் அமர்ந்திருக்கும் உலோகத் தகடுகளின் தொகுப்பான ஹீட்சிங்குக்கு, ஹீட்சிங்கின் தகடுகளிலிருந்து ஃபேன் காற்றுக்கு, அந்தக் காற்று கேபினெட்டை விட்டு அறைக்கு. வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் மாதிரிதான். கீழே எங்கே தூர்ந்தாலும் மேலே தேங்கும்.

"பேஸ்ட் மாற்றணும்" என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். கடைமடையிலிருந்து, அதாவது அறையிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக உள்ளே வாருங்கள். வெளியே உள்ள வேலைகள் எளிதானவை, செலவில்லாதவை, எதையும் உடைத்துவிடும் பயம் இல்லாதவை. பலருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் மூன்று எண்கள்

தொட்டுப் பார்த்தேன், சுடுகிறது என்பது போதாது. எண் வேண்டும். விண்டோஸில் கோர் டெம்ப், ஹெச்டபிள்யூ மானிட்டர், ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்று மூன்று மென்பொருள்கள் உண்டு. வீட்டு உபயோகத்துக்கு மூன்றும் இலவசம், ஏதாவது ஒன்று போதும். அவற்றின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். நிறுவும்போது கூடவே வேறு எதையாவது நிறுவட்டுமா என்று கேட்டால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் எல்எம்-சென்சார்ஸ் பொதியை நிறுவிவிட்டு, டெர்மினலில் சென்சார்ஸ் என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் அடித்தால் எண் வரும்.

ஒரு நோட்டில் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, அறை வெப்பம். இரண்டு, கம்ப்யூட்டரைப் போட்டு எதையும் திறக்காமல் 10 நிமிடம் விட்டபின் ப்ராசசரின் வெப்பம். மூன்று, முழு வேலை கொடுத்தபோது அது ஏறும் வெப்பம். முழு வேலை கொடுக்க சிபியு-இசட் என்ற மென்பொருளில் பெஞ்ச் பக்கத்தில் இருக்கும் ஸ்ட்ரெஸ் சிபியு பொத்தான் போதும். ப்ரைம்95 இதைவிடக் கடுமையானது. ஏற்கெனவே தத்தளிக்கும் பழைய கம்ப்யூட்டரில் அதைக் கொண்டு ஆரம்பிக்காதீர்கள். எண் 95ஐத் தொட்டால் சோதனையை உடனே நிறுத்துங்கள், அதற்குமேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

அறை வெப்பத்தை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், ப்ராசசர் எப்போதும் அறையைவிட இத்தனை டிகிரி கூடுதல் என்ற கணக்கில்தான் ஓடும். ஹீட்சிங்க் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அறையின் காற்றைவிடக் குளிர்ச்சியாக அதனால் ஆக்க முடியாது. மார்கழியில் 26 டிகிரி அறையில் 62 காட்டிய அதே ப்ராசசர், அக்னி நட்சத்திரத்தில் 38 டிகிரி மாடி அறையில் 74 காட்டினால் எதுவும் கெடவில்லை என்று அர்த்தம். இரண்டிலும் வித்தியாசம் 36தான். அந்த வித்தியாசம் 36லிருந்து 55 ஆகியிருந்தால்தான் எங்கோ அடைப்பு.

எது சரியான எண்? இன்டெல்லின் மேசைக்கணினி ப்ராசசர்களில் பெரும்பாலானவற்றுக்கு எல்லை 100 டிகிரியை ஒட்டி இருக்கும். கோர் டெம்ப் மென்பொருளில் டிஜே. மேக்ஸ் என்று போட்டிருக்கும் எண் அதுதான். அந்த எல்லையைத் தொட்டதும் ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். அதுதான் நீங்கள் பார்க்கும் மந்தம். அப்படியும் சூடு அடங்காமல் மேலே போனால் கம்ப்யூட்டர் ஒரேயடியாக அணையும். என் அளவுகோல் இது: சும்மா இருக்கும்போது அறையைவிட 10, 15 டிகிரி கூடுதல் இருந்தால் நலம். முழு வேலையில் 80க்குள் நின்றால் நிம்மதி. 90ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் ப்ராசசர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஃபினம், எஃப்எக்ஸ் காலத்து ப்ராசசர்களுக்கு எல்லை இதைவிட மிகக் குறைவு. எஃப்எக்ஸ்-8350க்கு ஏ.எம்.டி. சொன்ன உச்சம் 61 டிகிரிதான். அந்தக் கால ஏ.எம்.டி.க்கள் சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணையும் நம்பாதீர்கள். சில சமயம் அறையைவிடக் குறைவாகக்கூடக் காட்டும், அது நடக்காத காரியம். முழு வேலையில் காட்டுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் எண் விண்டோஸில் காட்டியதைவிடக் கூடுதலாக இருக்கும். பயாஸில் இருக்கும்போது ப்ராசசர் தூங்குவதில்லை, மின்சாரம் மிச்சம் பிடிக்கும் வேலைகள் அங்கே நடப்பதில்லை. அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

சூடு எப்படி ஏறுகிறது என்பதுதான் துப்பு

கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். எவ்வளவு சூடு என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் ஏறியது என்பது அதிகம் சொல்லும்.

ஸ்ட்ரெஸ் பொத்தானை அழுத்திவிட்டு எண்ணையே பார்த்துக்கொண்டிருங்கள். 45இல் இருந்தது மூன்று, நான்கு நொடிகளில் 90க்குத் தாவுகிறது, சோதனையை நிறுத்தியதும் அதே வேகத்தில் விழுகிறது என்றால், சூடு ஹீட்சிங்குக்கே போய்ச் சேரவில்லை. பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது ஹீட்சிங்க் சரியாக அமர்ந்திருக்கவில்லை. வாய்க்காலின் தலைமடையிலேயே அடைப்பு. அந்த நேரத்தில் ஹீட்சிங்கின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தால், உள்ளே 90 டிகிரி இருந்தும் அது வெதுவெதுப்பாகக்கூட இருக்காது. ஃபேனில் விரல் படாமல் கவனமாகத் தொடுங்கள்.

மாறாக, எண் முதலில் 65இல் நிற்கிறது, பிறகு 70, 75, 80 என்று கால் மணி நேரமாக மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகிறது என்றால், சூடு ஹீட்சிங்குக்கு நன்றாகவே வருகிறது. அங்கிருந்து வெளியே போக வழியில்லை. தூசு, ஃபேன், கேபினெட்டின் காற்றோட்டம், வைத்திருக்கும் இடம் இவற்றில் ஒன்று. இந்த நிலையில் ஹீட்சிங்கைத் தொட்டால் கை பொறுக்காது.

என் அக்கா வீட்டில் 2012இல் வாங்கிய ஐ5-2400 கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. திடீரென்று அணைய ஆரம்பித்ததும் மாமா அதைக் கடைக்குக் கொண்டுபோய் சர்வீஸ் செய்து, புதுப் பேஸ்ட் போட்டு வந்தார். ஒரு மாதத்தில் மறுபடியும் அதே கதை. நான் போனபோது கேபினெட் உள்ளே பளிச்சென்று இருந்தது. ஃபேன் சுற்றியது. பேஸ்ட் புதிது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்ட்ரெஸ் சோதனை போட்டேன். ஐந்து நொடியில் 97. ஹீட்சிங்கைத் தொட்டால் குளிர்ந்து கிடந்தது. அந்த ஐந்து நொடி போதும், எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. என்ன கிடைத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு. எண் 65ஐக்கூடத் தாண்டவில்லை, ஆனாலும் கம்ப்யூட்டர் அணைகிறது. அப்படியானால் ப்ராசசர் சூட்டைக் குறை சொல்லக் கூடாது. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். பலவீனமாகியிருக்கலாம், மதர்போர்டின் கெப்பாசிட்டர்கள் உப்பியிருக்கலாம். கெப்பாசிட்டர்கள் என்பவை ப்ராசசரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகள், அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். பூரி மாதிரி உப்பியிருந்தாலோ பழுப்பாக எதுவும் கசிந்திருந்தாலோ அது சாலிடரிங் தெரிந்தவரின் வேலை. விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிவு செய்து காட்டும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று வருவதைச் சிலர் சூட்டுக்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். முறையாக அணைக்கப்படாமல் நின்றது என்று மட்டுமே அது சொல்கிறது, காரணம் சொல்வதில்லை. கெர்னல்-ப்ராசசர்-பவர் 37 என்று இருந்தால் ப்ராசசரின் வேகம் குறைக்கப்பட்டது என்று பொருள். அதுவும் மதிய நேரங்களில் மட்டும் வருகிறதென்றால் சூட்டின் மேல் சந்தேகப்படலாம்.

கேபினெட்டைத் திறக்கும் முன்

டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு என்ற தலைப்பின் மேல் சொடுக்கினால் அதிகம் தின்பது மேலே வரும். யாரும் எதுவும் செய்யாதபோது 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அப்டேட், ஆன்டிவைரஸ் ஸ்கேன் போன்றவை கொஞ்ச நேரம் தின்னும், பிறகு அடங்கிவிடும். ஒரு மணி நேரம் ஆகியும் பெயர் தெரியாத ஏதோ ஒன்று 60, 70 சதவீதம் தின்றுகொண்டிருந்தால் அதுதான் சூட்டுக்கு மூலம். திருட்டு மென்பொருளோடு சேர்ந்து வந்து, நமக்குத் தெரியாமல் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்கள் இப்படித்தான் நடந்துகொள்ளும். அதை ஒழிக்காமல் தூசு தட்டிப் பயனில்லை.

அடுத்து, கம்ப்யூட்டர் இருக்கும் இடம். நம் வீடுகளில் உள்ள கம்ப்யூட்டர் டேபிள்களில் கேபினெட் வைக்கவென்றே ஒரு தட்டு இருக்கும், மூன்று பக்கமும் பலகை அடைத்து. பார்க்க அழகு. ஆனால் பின்னால் வெளியேறும் சூடான காற்று சுவரில் முட்டித் திரும்பி முன்பக்கமாக மறுபடி உள்ளே போகும். கேபினெட்டை வெளியே எடுத்து, பின்பக்கம் ஒரு சாணாவது இடைவெளி விட்டு வையுங்கள். தூசு படாமல் இருக்க உறை போட்டிருந்தால், ஓடும்போது எடுத்துவிட வேண்டும். ஜன்னல் வெயில் நேராக விழும் இடமும், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து மூலையும் வேண்டாம்.

அப்புறம் ஒரு எளிய சோதனை. கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, ஒரு டேபிள் ஃபேனை உள்ளே பார்த்து வைத்து, அதே ஸ்ட்ரெஸ் சோதனையை 15 நிமிடம் ஓட்டுங்கள். எண் 10 டிகிரிக்கு மேல் இறங்கினால் குறை காற்றோட்டத்தில். துளிகூட அசையவில்லை என்றால் ஹீட்சிங்குக்கும் ப்ராசசருக்கும் நடுவில். இது சோதனைக்கு மட்டும். இப்படியே திறந்து வைத்து வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. தூசு இரண்டு மடங்கு ஏறும், பல்லி உள்ளே போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும், முட்டையும் இடும். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் பல்லி விழுந்து வெடித்த கம்ப்யூட்டரை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் சொல்லவே வேண்டாம்.

தூசு

சுவிட்சை அணைத்து, ஒயரை பிளக்கிலிருந்து உருவுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. உருவியபின் கேபினெட்டின் பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். வர்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள், உடம்பில் நிற்கும் நிலைமின்சாரம் போய்விடும்.

வாசலிலோ மொட்டை மாடியிலோ வைத்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு செய்யுங்கள். சர்வீஸ் கடைகளில் இருக்கும் கை ப்ளோவர் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒன்றரை அங்குலப் பெயின்ட் பிரஷ் போதும். ப்ளோவர் அடிக்கும்போது ஃபேனின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெடும், அந்தச் சுழற்சியில் மின்சாரம் உற்பத்தியாகி போர்டுக்குள்ளும் போகும். வீட்டு வேக்யூம் கிளீனரின் முனையைப் போர்டின் மேல் வைத்துத் தேய்க்க வேண்டாம், நிலைமின்சாரத்தால் ஆபத்து.

பலரும் தவறவிடுவது இதை: மேலேயிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாக இருக்கும், ஆனால் ஃபேனுக்கு அடியில் ஹீட்சிங்க் தகடுகளின் மேல் தூசு கம்பளித் துண்டு மாதிரி படிந்து கிடக்கும். மேலேயிருந்து ஊதினால் அது இன்னும் இறுகும். ஃபேனை ஹீட்சிங்கிலிருந்து தனியாகக் கழற்றி அந்தப் படலத்தை விரலால் உரித்தெடுக்க வேண்டும். இதை எடுத்ததுமே 15 டிகிரி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். முன்பக்கத் தகட்டின் உள்பக்கத்தில் இருக்கும் துளைகளையும் மறக்காமல் பாருங்கள், காற்று உள்ளே வருவது அங்கேதான்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை வெளியிலிருந்து மட்டும் ஊதுங்கள். அதன் பெட்டியைத் திறக்கக் கூடாது. ஒயரை உருவிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கியடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். ஆனால் அதன் ஃபேன் வேலை செய்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பழைய கேபினெட்டுகளில் எஸ்.எம்.பி.எஸ். மேலே இருக்கும். ப்ராசசரின் சூடான காற்றை வெளியேற்றுவதில் பாதி வேலை அதனுடையது. கம்ப்யூட்டர் ஓடும்போது அதன் பின்பக்கம் கையை வைத்தால் காற்று வர வேண்டும்.

ஃபேன்

பக்கத் தகட்டைத் திறந்து வைத்து கம்ப்யூட்டரைப் போட்டுப் பாருங்கள். ப்ராசசர் ஃபேன் உடனே சுற்றுகிறதா, தடுமாறிப் பிறகு சுற்றுகிறதா? காலையில் முதல்முறை போடும்போது கரகரவென்று சத்தம் வந்து பிறகு அடங்கினால் பேரிங்கில் எண்ணெய் வற்றிவிட்டது என்று அர்த்தம். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் கொஞ்ச நாள் ஓடும். அந்த அவகாசத்தில் புது ஃபேன் வாங்கிவிடுங்கள். போடும்போது சிபியு ஃபேன் எரர், எஃப்1 அழுத்தவும் என்று திரையில் வந்தால் எஃப்1 அழுத்தி அழுத்தியே ஓட்டாதீர்கள். அது நிஜமான எச்சரிக்கை.

ஃபேனின் ஒயர், போர்டில் சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் இடத்தில்தான் செருகியிருக்க வேண்டும். நான்கு கம்பிகள் உள்ள ஃபேனில் நான்காவது கம்பிதான் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. பயாஸில் ஃபேன் அமைப்பு சைலன்ட் என்று இருந்தால் ஸ்டாண்டர்ட் என்று மாற்றுங்கள். கேபினெட்டின் பின்பக்கத்தில் ஃபேன் மாட்டும் இடம் காலியாக இருந்தால் ஒரு ஃபேன் வாங்கி, காற்றை வெளியே தள்ளும்படி மாட்டுங்கள். பல ஃபேன்களின் சட்டத்தில் காற்று போகும் திசையைக் காட்டும் சின்ன அம்புக்குறி இருக்கும். பழைய கேபினெட்டுக்கு இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு நன்மை தருவது வேறு எதுவும் இல்லை என்பது என் கருத்து.

பேஸ்ட், ஹீட்சிங்க், நான்கு கால்கள்

இதுவரை செய்தும் எண் இறங்கவில்லை, அல்லது நொடியில் தாவும் வகை என்றால், ஹீட்சிங்கைக் கழற்ற வேண்டியதுதான். முதல்முறை என்றால் அருகில் யாரும் பேச்சுக் கொடுக்காத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

இன்டெல்லோடு வரும் ஹீட்சிங்கில் நான்கு மூலையிலும் கறுப்புத் தலை உள்ள பிளாஸ்டிக் கால்கள் இருக்கும். தலையில் அம்புக்குறி ஒன்று இருக்கும். அந்த அம்பு காட்டும் திசையில் கால்வாசிச் சுற்று திருப்பி மேலே இழுத்தால் பிடி விட்டுவிடும். நான்கையும் விடுவித்தபின் ஃபேன் ஒயரைக் கழற்றி, ஹீட்சிங்கை இடமும் வலமுமாக லேசாகத் திருகித் தூக்குங்கள்.

ஏ.எம்.டி.யில் கொக்கியும் நெம்புகோலும் இருக்கும். அங்கே ஒரு பெரிய ஆபத்து உண்டு. பழைய பேஸ்ட் சிமென்ட் மாதிரி இறுகியிருந்தால், ஹீட்சிங்கை நேராக இழுக்கும்போது ப்ராசசரும், போர்டில் அது உட்காரும் இடமான சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஏஎம்4 வரை ஏ.எம்.டி. ப்ராசசரின் அடியில் நூற்றுக்கணக்கான ஊசிகள் இருக்கும், ஒன்று வளைந்தாலும் சிக்கல். அதனால் கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் நன்றாக ஓட்டி, பேஸ்ட் சூட்டில் இளகியதும் அணைத்து, ஒயரை உருவி, உடனே கழற்றுங்கள். இழுக்காமல் திருகுங்கள். இன்டெல்லில் ஊசிகள் சாக்கெட்டில் இருப்பதால் இந்தப் பயம் இல்லை. ப்ராசசரை வெளியே எடுக்கவும் தேவையில்லை, இருக்கும் இடத்திலேயே துடைக்கலாம்.

பழைய பேஸ்ட் ஓடு மாதிரி உதிர்ந்தால் அதுவே காரணமாக இருந்திருக்கும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சு பிரியாத துணியில் தொட்டு, ப்ராசசரின் மூடி, ஹீட்சிங்கின் அடிப்பகுதி இரண்டையும் உலோகம் பளபளக்கும் வரை துடைக்கவும். சென்னை என்றால் ரிச்சி தெரு, மற்ற ஊர்களில் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகள், எங்கும் கிடைக்கும். தின்னர், பெட்ரோல் எல்லாம் வேண்டாம்.

புதுப் பேஸ்டை மூடியின் நடுவில் ஒரு பச்சைப் பட்டாணி அளவுக்குமேல் வைக்காதீர்கள். ஹீட்சிங்கின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். பேஸ்ட் அதிகமானால் நல்லது என்பது தவறு. இரண்டு உலோகங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத குழிகளில் காற்று நிற்காமல் நிரப்புவது மட்டுமே அதன் வேலை. உலோகம் கடத்தும் அளவுக்கு அது சூட்டைக் கடத்தாது. பற்பசை போட்டாலும் வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் உள்ள தண்ணீர் சில நாளில் ஆவியாகி, முன்பைவிட மோசமாகும்.

இப்போது மாட்டுவது. அக்கா வீட்டு கம்ப்யூட்டரில் கடைக்காரர் விட்டது இங்கேதான். நான்கு கால்களில் ஒன்று முழுதாகப் பதியவில்லை. மேலிருந்து பார்த்தால் நான்கும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. ஹீட்சிங்க் ஒரு மூலையில் நூலிழை தூக்கி நின்றது. புதுப் பேஸ்ட் இருந்ததால் ஒரு மாதம் சமாளித்தது. வெயில் ஏறியதும் முடியவில்லை.

அதைத் தவிர்க்க: மாட்டும் முன் நான்கு தலைகளையும் அம்புக்கு எதிர்த்திசையில் பழைய நிலைக்குத் திருப்பிவிடுங்கள். கால்களைத் துளைகளில் நிறுத்தியபின், ஒரு மூலை, அதற்கு எதிர் மூலை என்று குறுக்காக அழுத்துங்கள். ஒவ்வொன்றும் டக் என்று சத்தம் தர வேண்டும். போர்டு கொஞ்சம் வளையும், பயப்பட வேண்டாம். பிறகு கேபினெட்டின் மறுபக்கத் தகட்டைத் திறந்து, போர்டின் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். நான்கு துளைகளிலும் வெள்ளைப் பிளாஸ்டிக் விரிந்து, நடுவே கறுப்பு முனை எட்டிப் பார்க்க வேண்டும். பின்பக்கம் பார்க்க வழியில்லை என்றால் ஹீட்சிங்கைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள், இம்மிகூட அசையக் கூடாது. ஃபேன் ஒயரை மறக்காமல் செருகி, இறக்கையில் உரசாதபடி கட்டிவிடுங்கள்.

பழைய கால்கள் சூட்டில் வெந்து உடைந்துபோவதும் சகஜம். கால்கள் மட்டும் தனியாகக் கிடைக்கும். ஹீட்சிங்கையே மாற்றுவதென்றால் துளைகளின் இடைவெளியைக் கவனியுங்கள். கோர் 2 டுவோ காலத்து 775 சாக்கெட்டுக்கு அது 72 மில்லிமீட்டர். 1156, 1155, 1150, 1151 சாக்கெட்டுகளுக்கு 75. ஒன்றுக்கு உரியது மற்றதில் உட்காராது. புது ஹீட்சிங்கின் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரித்தபின் மாட்டவும்.

இதற்கும் மேல் ஏதாவது செய்ய முடியுமா?

ஒன்று முடியும். ஐ5, ஐ7 ப்ராசசர்கள் தேவைப்படும்போது தம் இயல்பான வேகத்தையும் மீறி ஓடும், டர்போ என்பார்கள். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய், ப்ராசசர் பவர் மேனேஜ்மென்ட் என்பதன் கீழ் மேக்சிமம் ப்ராசசர் ஸ்டேட் 100 என்று இருப்பதை 99 ஆக்கினால் டர்போ நின்றுவிடும். வேகம் சற்றுக் குறையும், சூடும் குறையும். கோடை இரண்டு மாதத்துக்கு மட்டும் இப்படி வைத்துக்கொள்ளலாம். பழைய மேசைக்கணினி ஐ3க்களில் டர்போவே கிடையாது. அவற்றில் இதனால் பயனில்லை, வேண்டுமானால் 80 என்று வைத்துப் பாருங்கள்.

ஐ5-3470, ஐ5-4570 போன்ற மூன்றாம், நான்காம் தலைமுறை இன்டெல் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் தலைமுறையில் சில்லுக்கும் மேல் மூடிக்கும் நடுவே ஈயம் வைத்தது போல உலோகப் பற்று இருந்தது. 2012இல் வந்த மூன்றாம் தலைமுறையிலிருந்து அங்கேயும் பேஸ்ட்தான். வருடங்கள் ஆக அதுவும் காயும். வெளியே எல்லாம் சரியாகச் செய்தும் கொஞ்சம் கூடுதலாகச் சுட்டால் அது காரணமாக இருக்கலாம். மூடியைப் பெயர்த்து மாற்றுபவர்கள் உண்டு, ஆனால் முதல்முறை செய்பவர் கை வைக்கும் இடம் அது இல்லை. 80, 85க்குள் நிற்கிறதென்றால் அப்படியே ஓட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு பக்கத் தகடுகளையும் மூடி, கம்ப்யூட்டரை அதன் இடத்தில் வைத்து, முன்பு செய்த அதே சோதனையை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். தகடு திறந்த நிலையில் எடுத்த எண் செல்லாது. அக்கா வீட்டில் அறை 35 டிகிரி இருந்தபோது சும்மா இருக்கையில் 46, முழு வேலையில் 74இல் வந்து நின்றது. ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் தேதி, இந்த மூன்று எண்கள், பேஸ்ட் போட்ட மாதம் எல்லாவற்றையும் எழுதி, பக்கத் தகட்டின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன். அடுத்து யார் அந்தக் கேபினெட்டைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுவாகத்தான் இருக்கும்.